இறாலுக்குச் சூடு வைத்தவர்

யாரைப் பார்த்தாலும் "சௌக்கியமா?" என்று கேட்பது உலக வழக்கம். அவர் "இன்னிக்கு என்ன டிகிரி தெரியுமா?" என்றுதான் ஆரம்பிப்பார். நமக்குத் தெரியாது என்பது அவருக்குத் தெரியும். பதிலையும் அவரே சொல்லிவிடுவார்.

மற்றவர்கள் சட்டைப் பையில் பேனா குத்திக்கொள்ளும் இடத்தில் அவர் ஒரு கண்ணாடித் தெர்மாமீட்டரை வைத்திருந்தார். மூங்கில் குழாய்க்குள் பஞ்சு சுற்றி, பெண்ணுக்குப் போட வைத்திருக்கும் நகை மாதிரி பத்திரமாக இருக்கும். டீக்கடையில் கிளாஸ் வந்ததும் அதை எடுத்து டீக்குள் விடுவார். பாதரசம் ஏறி நிற்கும்வரை யாரோடும் பேசமாட்டார். பிறகு கைக்குட்டையால் துடைத்துக் குழாய்க்குள் போட்டுக்கொண்டு டீயைக் குடிப்பார். சற்று முன்னால் அதே தெர்மாமீட்டர் இறால் குட்டையில் கிடந்தது என்பது டீக்கடைக்காரருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். நான் ஒருநாளும் அவரோடு டீ குடித்ததில்லை.

அப்பா அம்மா வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்தது. அதை இங்கே எழுதப்போவதில்லை. கத்திவாக்கத்துப் பெண்கள் வைத்த பெயர் "தர்மாமீட்டரு". அதுதான் ஒட்டிக்கொண்டது.

ஐம்பதுகளின் ஆரம்பம் அது. நான் ராயபுரத்துப் பெண். டைப்ரைட்டிங்கில் ஹையர் முடித்துவிட்டு வேலை தேடியபோது, பெரிய கம்பெனிகளெல்லாம் கையை விரித்துவிட்டன. வண்ணாரப்பேட்டையில் ஒரு கருவாட்டு மண்டி மட்டும் வா என்றது. மண்டி முதலாளியை எல்லாரும் பாய் என்றே கூப்பிடுவோம். காய்ந்த இறாலை மூட்டை மூட்டையாக ரங்கூனுக்கும் கொழும்புக்கும் கப்பல் ஏற்றுகிறவர். அந்த ஊர்க்காரர்களுக்கு இங்கிலீஷில் கடிதம் எழுத ஓர் ஆள் தேவைப்பட்டது. சாயங்காலம் நான் வீட்டுக்கு வந்தால் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தி, குளித்த பிறகுதான் உள்ளே விடுவாள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் என் பெஞ்சில் எப்போதும் இடம் தாராளமாக இருக்கும்.

பாய்க்கு ஒரு ஆசை வந்தது. மீனவர் பிடித்துக் கொடுக்கிற இறாலை வாங்கிக் காயப்போடுவதை விட, தானே வளர்த்தால் என்ன? கத்திவாக்கத்தில் எண்ணூர் உப்பங்கழியோரமாக, உப்பு விளைவித்துக் கைவிட்டுப்போன நிலம் கிடந்தது. அதை வாங்கிக் குட்டைகள் வெட்டினார். கடல் ஏறும்போது கழித் தண்ணீரோடு பொடி இறால் உள்ளே வரும். மதகை மூடிவிட்டுத் தீனி போட்டால் பெரிசாகும். அவ்வளவுதான் தொழில். அதைப் பார்த்துக்கொள்ளப் படித்த ஆள் ஒருவர் வேண்டும் என்று பாய் தேடியபோது வந்து சேர்ந்தவர்தான் இவர்.

பர்மாவில் விலங்கியல் படித்தவர். யுத்தத்தில் குண்டு விழுந்ததும் மற்றவர்களைப் போலக் காட்டிலும் மலையிலும் நடந்தே இந்தியா வந்து சேர்ந்தார். வந்த பிறகு நெடுநாள் காய்ச்சலில் கிடந்து, யார் யார் வீட்டிலோ சாப்பிட்டு, கடைசியில் எங்கள் மண்டிப் படியேறினார். ஆள் குள்ளம், நல்ல சிவப்பு. கால்சட்டை எப்போதும் மடிப்புக் கலையாமல் இருக்கும். நடப்பதே ஓடுவது மாதிரி இருக்கும். வேலையில் சேர்ந்த மறுநாளே, "பாய், நீங்க ஒண்ணு பார்க்கணும். உடனே பார்க்கணும்" என்று அவரைப் பேசின் பிரிட்ஜுக்கு இழுத்துக்கொண்டு போனார். குறிப்பெடுத்துக்கொள்ள என்னையும் கூட்டிப்போனார்கள்.

பவர் ஹவுஸிலிருந்து வெந்நீர் வந்து வாய்க்காலில் விழுகிற இடம் அது. ஆவி பறந்துகொண்டிருந்தது. அந்த நீரைச் சுற்றி மடவை மீன்கள் கும்பலாகத் துள்ளிக்கொண்டிருந்தன.

"பாருங்க பாய்! ஒவ்வொண்ணும் எப்படி இருக்கு பாருங்க!"

பாய் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டே எட்டிப் பார்த்தார். "கொழுத்துகினுதான் கீது. இந்தக் கலீஜ் தண்ணில கொழுக்காம இன்னா பண்ணும்?"

"கலீஜ் இல்லை பாய், சூடு! மனுஷன் உடம்பு எப்பவும் ஒரே சூடு. மீனுக்கும் இறாலுக்கும் அப்படி இல்லை. தண்ணி எவ்வளவு சூடோ அதோட உடம்பும் அவ்வளவுதான் சூடு. தண்ணி குளிர்ந்தா உள்ளே அடுப்பு அணைஞ்ச மாதிரி. பசிக்காது, ஜீரணமாகாது, வளராது. சூடாக்கினா அடுப்பு எரியும். சாப்பிடும், ஓட்டை உரிக்கும், மளமளன்னு வளரும்."

பாய் துண்டை எடுத்தார். முகம் மாறியிருந்தது. "அப்போ மார்கழி மாசத்துல என் இறாலெல்லாம் தூங்கிகினா கீது?"

"தூங்குது பாய்!"

"நான் அதுங்களுக்குத் தவிடும் பிண்ணாக்கும் கொட்டிகினு கீறேனே!"

அந்த அநியாயத்தைத்தான் பாயால் தாங்க முடியவில்லை. துறைமுகத்தில் உடைத்துப்போட்ட ஏதோ பழைய படகின் பாய்லர் ஒன்று கத்திவாக்கத்துக்கு மாட்டுவண்டியில் வந்து இறங்கியது. குட்டைக்கு அடியில் இரும்புக் குழாய்கள் ஓடின. சவுக்குக் கட்டை மலையாகக் குவிந்தது. வலை காயப்போட வந்த மீனவர்கள் வேலியோரம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். "இறாலுக்கு வெந்நீ போட்றானுங்கோ. அப்பால மஞ்சா தேச்சிக் குளிப்பாட்டுவானுங்கோ" என்றார் ஒருவர். அன்று முழுக்க அந்தக் குப்பத்தில் அதுதான் பேச்சு.

குட்டைகளில் தீனி போடவும், பிடித்த இறாலைப் பிரித்து உரித்துக் காயவைக்கவும் அதே குப்பத்துப் பெண்கள்தான் வேலைக்கு வந்தார்கள். அவர்களுக்கெல்லாம் தலைமை அஞ்சலை. நாற்பது வயதிருக்கும். கட்டுமரத்தில் போகும் புருஷன் கரையேறுவதற்குள் அவள் குரல் அவனை எட்டிவிடும் என்பார்கள். அவரை நாங்கள் சார் என்போம். சாருடைய அவசரத்தைப் பார்த்த முதல் வாரமே அவள் என்னிடம் சொன்னாள்:

"டைப்பம்மா, இவுரு பொண்டாட்டி முயுகாம இருந்தா பத்து மாசம் பொறுப்பாருன்ற? வெந்நீ ஊத்தி அஞ்சி மாசத்துல எட்துருவாரு."

சுற்றியிருந்த பெண்கள் இறாலைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தார்கள். சார் தூரத்தில் நின்று, வேலை நடக்கும் இடத்தில் சிரிப்பு வந்தால் எவ்வளவு நேரம் வீணாகிறது என்று கவலையோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று சொல்ல வேண்டும். இறாலின் மேல் அவருக்கு இருந்த பிரியம் பொய்யில்லை. குட்டைக் கொட்டகையில் அவர் மேஜைமேல் ஒரு பெரிய கண்ணாடி பிஸ்கட் ஜாடி இருக்கும். அதில் ஓர் இறால். ஒருநாள் நான் கடிதங்களோடு உள்ளே போனபோது, "உஷ்!" என்று கையைக் காட்டினார். இறால் ஓட்டை உரித்துக்கொண்டிருந்தது. முதுகில் ஒரு வெடிப்பு விட்டு, வளைந்து துள்ளி, மீசை முதல் வால்வரை பழைய ஓட்டை அப்படியே கழற்றிப் போட்டுவிட்டு வெளியே வந்தது. கண்ணாடி மாதிரி இருந்தது. தொட்டால் கரைந்துவிடும்போல ஜாடியின் மூலையில் போய் ஒதுங்கிக்கொண்டது.

"இப்போதான் மிஸ் அது வளரும். ஓடு இறுகறதுக்குள்ளே வளர்ந்துக்கணும். அதுக்குக் கிடைக்கிற நேரம் அவ்வளவுதான்" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது. நான் ஒருவேளை இவரைத் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று யோசித்தேன். அந்த யோசனை முடிவதற்குள், ஜாடிக்கடியில் ஒரு சிம்னி விளக்கை ஏற்றி வைத்தார். "அடுத்த ஓட்டைச் சீக்கிரம் உரிக்கட்டும்."

அந்த வருஷம் குளிர் காலத்தில் அவர் சொன்னது நடந்தது. அதை நான் மறைக்கப்போவதில்லை. மற்ற இடங்களிலெல்லாம் இறால் மந்தமாகக் கிடந்த மார்கழியில், எங்கள் குட்டையில் மட்டும் தீனியைப் போட்ட கையைக் கடிக்கிற வேகத்தில் தின்றன. தை முடிவதற்குள் விரல் நீளத்துக்கு வந்துவிட்டன. இறாலைக் கூடை கூடையாக வாரினார்கள். மஞ்சள் தேய்ப்பானுங்கோ என்று கிண்டல் செய்தவர்கூட வேலியைத் தாண்டி வந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்துவிட்டுப் பேசாமல் போனார். பாய் குட்டைக் கரையிலேயே தேக்சா வைத்து எல்லாருக்கும் பிரியாணி போட்டார். தன் கையிலிருந்த கடிகாரத்தைக் கழற்றிச் சாரின் மணிக்கட்டில் கட்டினார். ஏற்கெனவே தெர்மாமீட்டர் இருந்தது. இப்போது கடிகாரமும் சேர்ந்துகொண்டது. எங்கள் கஷ்டகாலம் அன்றுதான் ஆரம்பம்.

அந்த வெற்றியின் சூட்டில்தான் என்னிடமும் ஒன்று கேட்டார். காலை ரயிலில் நாங்கள் இருவரும் எண்ணூர்ப் பக்கம் போய்க்கொண்டிருந்தோம். திருவொற்றியூரில் வண்டி கிளம்பியதும், கடிகாரத்தைப் பார்த்தபடி, "மிஸ், நாம ரெண்டு பேரும் கல்யாணம் பண்ணிக்கலாமா?" என்றார்.

நான் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். "என்ன சார் இது திடீர்னு? நான் வேதக்காரப் பொண்ணு. வீட்டிலே கேட்கணும், எங்க சாமியாரைக் கேட்கணும்..."

"அதெல்லாம் டிலே மிஸ். உங்க அபிப்பிராயத்தை மட்டும் கத்திவாக்கம் வர்றதுக்குள்ளே சொல்லிடுங்க."

தீப்பெட்டித் தொழிற்சாலைப் புகைபோக்கி ஜன்னலில் வந்து போனது. நான் வாயைத் திறக்கவில்லை. கத்திவாக்கம் வந்தது. அவர் இறங்கினார். "சரி" என்றார். கோபமும் இல்லை, வருத்தமும் இல்லை. மதகடியில் ஒரு கூடை இறாலைப் பிடித்துப் பார்த்து, இன்னும் சின்னதாயிருக்கிறது என்று திரும்பத் தண்ணீரில் விடுவாரே, அந்த முகம்தான். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை. எனக்கு நிம்மதியாக இருந்தது. கொஞ்சம் அவமானமாகவும் இருந்தது. ஒரு பெண்ணுக்கு இன்னும் இரண்டு ஸ்டேஷனாவது கொடுத்திருக்கலாம்.

பங்குனி பிறந்தது. வெயில் ஏறியது. பாய்லரை இனி அணைத்துவிடுவார் என்று எல்லாரும் நினைத்தோம். அவர் அணைக்கவில்லை.

"வானத்துலயே ஒரு பாய்லரு எரிஞ்சிகினு கீதே சார். இது இன்னாத்துக்கு?" என்றாள் அஞ்சலை.

"அது பகலுக்கு. இது ராத்திரிக்கு. கொஞ்சம் சூட்டுக்கே இவ்வளவு வளர்ந்ததே, நல்ல சூட்டுக்கு எவ்வளவு வளரும்? யோசிச்சுப் பாரு."

அஞ்சலை யோசித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர் யோசித்துக்கொண்டே இருந்தார். அந்த யோசனை ஒருநாள் பெண்களின் பக்கம் திரும்பியது. அவர்கள் ஓலைக் கொட்டகைக்குக் கீழே உட்கார்ந்து இறால் பிரிப்பார்கள். நிழலில் கை மந்தமாகிறது என்று கண்டுபிடித்தார். மறுநாள் நாங்கள் போனபோது கொட்டகையில் கம்பு மட்டும் நின்றது, ஓலை இல்லை.

எனக்குப் பொறுக்கவில்லை. "மனுஷன் உடம்பு எப்பவும் ஒரே சூடுன்னு நீங்கதானே சார் பேசின் பிரிட்ஜ்ல சொன்னீங்க? நான் எழுதியிருக்கேனே."

"உடம்பு ஒரே சூடுதான் மிஸ். நான் சுறுசுறுப்பைச் சொல்றேன். வெயில்ல உட்கார்ந்தா, சீக்கிரம் முடிச்சிட்டுப் போகணும்னு தோணும் இல்லையா?"

இதைச் சொன்னபோது அவர் பெரிய கறுப்புக் குடைக்குக் கீழே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். தலையில் ஈரத்துண்டு. நான் அந்தத் துண்டைப் பார்ப்பதைப் பார்த்துவிட்டு, "மூளை வேலைக்குக் குளிர்ச்சி வேணும்" என்றார்.

பெண்கள் முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு வேலை செய்தார்கள். அடிக்கடி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தார்கள். வேலை முன்னைவிட இழுத்தது. அவர் அதைக் கடிகாரத்தில் பார்த்தார், நம்பவில்லை. கடிகாரத்தைக் காதில் வைத்துக் கேட்டார்.

குட்டைக்குள்ளும் அதே கதைதான். தவிடும் பிண்ணாக்கும் போதாதென்று காரப்பொடி மீனை அரைத்து அரைத்துக் கொட்டினார்கள். போட்டதெல்லாம் போன இடம் தெரியவில்லை. ஆனால் வாரிப் பார்த்தால் இறால் அப்படியே இருந்தது. ஓடு மெல்லிசாக, உள்ளே சதை வற்றி இருந்தது. ஓட்டை உரித்துவிட்டு நிற்பதை மற்றவை கூடித் தின்றன. பாய் வந்து ஒரு கைப்பிடி எடுத்துப் பார்த்தார்.

"துன்னதெல்லாம் எங்கய்யா போவுது?"

சார் கொஞ்சம்கூடத் தயங்கவில்லை. பாடம் ஒப்பிப்பது மாதிரி சொன்னார். "மூச்சுக்குப் போகுது பாய். சூடு ஏற ஏற, உயிரோட இருக்கறதுக்கே செலவு ஜாஸ்தியாகும். அந்தச் செலவு போக மிச்சம் இருந்தாத்தான் சதை பிடிக்கும். ஒரு அளவுக்கு மேலே போனா மிச்சமே இருக்காது."

"இப்ப மிச்சம் கீதா?"

"இப்போதைக்கு இல்லை."

"அப்ப சூட்டைக் கொறைக்கிறதுதானே?"

"கொறைச்சா சாப்பிடறதைக் கொறைச்சிடும் பாய்!"

பாய் தொப்பியைக் கழற்றித் தலையைத் துடைத்துக்கொண்டார். "துன்னாலும் வளரல, துன்னாகாட்டியும் வளராது. பேஜாரு புட்ச்ச வேலையா கீதே."

"தீனியை இன்னும் கொஞ்சம் ஏத்துவோம். மிச்சம் வந்துடும்."

இதுதான் அவர். படிக்காதவர் தெரியாமல் செய்தார் என்றால் மன்னித்துவிடலாம். இவர் எதனால் கெடும் என்று அழகாக விளக்கிச் சொல்லிவிட்டு அதையே செய்வார். குழி எங்கே இருக்கிறது என்று நமக்கும் விரலைக் காட்டிவிட்டு, அந்த விரலோடேயே உள்ளே போய் விழுவார். விழும்போது நாலு பேரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொள்வார்.

கத்திரி வெயில் தொடங்கிய சமயம், தீனிக் கூடையைத் தூக்கிக்கொண்டு பாய்லர் பக்கமாகப் போன அஞ்சலை அப்படியே சரிந்தாள். பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். சாரும் ஓடி வந்தார். வந்தவர் என்ன செய்தார் தெரியுமா? பையிலிருந்து மூங்கில் குழாயை எடுத்து, இறால் குட்டைத் தெர்மாமீட்டரை அவள் அக்குளில் வைத்தார். எல்லாரும் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம்.

"நார்மல்தான்" என்றார். "எழுந்திருக்கச் சொல்லுங்க."

ஒரு பெண் நேரே போய், அவருடைய நாற்காலியிலிருந்து குடையைப் பிடுங்கிக்கொண்டு வந்து அஞ்சலையின் தலைக்குமேல் பிடித்தாள். இன்னொருத்தி ஈரத்துண்டை எடுத்துக்கொண்டாள். அவர் தடுக்கவில்லை. வெறுந்தலையோடு வெயிலில் நின்று கடிகாரத்தைப் பார்த்தார். அஞ்சலை கண்ணைத் திறந்தபோது முதலில் தெரிந்தது அவர் முகம்தான். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டாள்.

சில நாள் கழித்து அவள் வேலைக்கு வந்தாள். குரல் பாதியாகியிருந்தது. இருமல் ஒட்டிக்கொண்டிருந்தது. ஓலை மட்டும் வரவில்லை.

அதற்கடுத்த வாரம், முதல் ரயிலில் போய் இறங்கினேன். இலை அசையவில்லை. கழி எண்ணெய் மாதிரி அசைவில்லாமல் கிடந்தது. வேலியைத் தாண்டும்போதே சத்தம் கேட்டது. ஆயிரம் பேர் ஈரத்துணியை உதறுவது மாதிரி ஒரு சத்தம். குட்டை ஓரம் முழுக்க இறால். மீசையைத் தண்ணீருக்கு வெளியே நீட்டிக்கொண்டு, ஒன்றன்மேல் ஒன்று ஏறி, கரையில் துள்ளி விழுந்துகொண்டிருந்தன. நடுக்குட்டையில் ஏற்கெனவே வெள்ளையாக மிதந்தவை ஏராளம்.

சார் கரையில் இங்குமங்கும் ஓடிக்கொண்டிருந்தார். "காத்து இல்லை மிஸ்! தண்ணியிலே காத்து இல்லை! மூச்சு முட்டுது அதுகளுக்கு!" மதகைத் திறக்கப் போனார். கடல் வடிந்திருந்தது, கழித் தண்ணீர் குட்டையை விடத் தாழ்ந்து கிடந்தது. திறந்தால் இருக்கிற தண்ணீரும் போய்விடும். திரும்ப ஓடி வந்தார்.

அந்த நேரம்தான் பெண்கள் வந்தார்கள். பார்த்தார்கள். புரிந்துகொண்டார்கள். உடனே வாரிக் கழுவி வேகவைத்துக் காயப்போட்டால் பாதியையாவது காப்பாற்றலாம். வெயில் ஏறிவிட்டால் எல்லாம் அழுகிவிடும். அது அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துகொண்டுதான் நேரே போய் வேலியோரம் பூவரச மர நிழலில் வரிசையாகக் குந்தினார்கள்.

"என்ன உட்கார்ந்துட்டீங்க? வாங்க! சீக்கிரம்! சீக்கிரம்!"

அஞ்சலை முந்தானையை விரித்து விசிறிக்கொண்டாள். "நெயலு நல்லா கீது சார். கையி மந்தமாயிட்ச்சி."

"எல்லாம் செத்துக்கிட்டிருக்கு அஞ்சலை!"

"பாத்துகினுதானே கீறோம். மொதல்ல பாய்லர அண. அப்பால கொட்டாயில ஓலையப் போடு. அப்பால நாங்கோ வர்றோம்."

"போடறேன், சாயங்காலம் போடறேன். இப்போ வாங்க!"

"சாய்ங்காலம் நாங்கோ வூட்டாண்ட இருப்போம்."

அவர் என்னைப் பார்த்தார். நான் பாய்லரைப் பார்த்தேன். அவ்வளவுதான் என்னால் முடிந்தது. திடீரென்று கால்சட்டையோடு குட்டையில் இறங்கினார். அந்தக் குட்டைக்குள் அவர் கால் வைத்து நான் பார்த்ததே அன்றைக்குத்தான். கையால் வாரினார், நழுவியது. தன் குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு அதில் வாரிப் போட்டார். ஒரு குடை நிறைந்ததும் கரையேறிக் கொட்டினார். மறுபடி இறங்கினார். வெயில் ஏற ஏற அவர் முகம் செங்கல் நிறமானது. சேற்றில் ஒரு காலை எடுத்து மறுகாலை வைக்க நெடுநேரம் ஆனது. குடையின் கம்பிகள் ஒவ்வொன்றாகப் பிய்ந்தன. பெண்களில் ஒருத்திக்கு முதலில் சிரிப்பு வந்தது. பிறகு அதுவும் நின்றுவிட்டது. மரத்தடியில் அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

கடைசியில் அவர் குடையை விட்டுவிட்டார். தள்ளாடிக்கொண்டு போய்ப் பாய்லர் வாயிலிருந்து எரிகிற கட்டைகளை வெறுங்கையால் இழுத்துப் போட்டார். தோல் கருகிய வாடை எனக்கே வந்தது. பிறகு கொட்டகைக்குப் பின்னால் குவித்துக் கிடந்த ஓலையைத் தூக்கிக்கொண்டு வந்து கம்புகள்மேல் எறிந்தார். அது சரிந்து அவர்மேலேயே விழுந்தது. இரண்டாவது ஓலையும் விழுந்தது. மூன்றாவதைத் தூக்க முடியாமல் அதைப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்துவிட்டார்.

அஞ்சலை எழுந்தாள். "போதும்மே, வாங்க. அந்தாளு செத்து கித்து வெச்சா அதுக்கும் நம்மளத்தான் கேப்பானுங்கோ."

அவர்களே ஓலையைப் போட்டார்கள். அதற்கப்புறம் நடந்த வேலையை வேகம் என்று சொல்லலாம். அந்த வேகம் நிழலில்தான் நடந்தது. நான் அவரைக் கொட்டகைக்குள் இழுத்து உட்கார வைத்து, வெந்த கைக்கு எண்ணெய் தடவித் துணி சுற்றினேன்.

"எல்லாம் தெரியும் மிஸ்" என்றார் தணிந்த குரலில். "சூட்டுத் தண்ணியிலே காத்து தங்காது. அதே சூட்டிலே இறாலுக்கு மூச்சு ஜாஸ்தி வேணும். ரெண்டும் எதிர்ல எதிர்ல வந்து முட்டும். காலேஜ்ல முதல் வருஷமே சொல்லிக் கொடுத்தாங்க."

"அப்புறம் ஏன் சார்?"

"நடந்து வந்தோமே, அப்போ எனக்குச் சில வருஷம் போயிடுச்சு. எப்படியாவது எட்டிப் பிடிச்சிடலாம்னு பார்த்தேன்."

எனக்கு மனசு இளகிவிட்டது. பர்மாக் காட்டில் தொலைத்த வருஷங்கள் யாருக்குத்தான் சாதாரணம்? அப்போது வெளியே அஞ்சலை இருமுகிற சத்தம் கேட்டது. அந்த வருஷங்களை இவர் இறாலிடமும் அவளிடமும் வசூல் பண்ணப் பார்த்திருக்கிறார் என்பது நினைவுக்கு வந்ததும், துணியைக் கொஞ்சம் இறுக்கியே கட்டினேன்.

பகல் பொழுதில் பாய் வந்தார். மிதப்பதைப் பார்த்தார். அணைந்த பாய்லரைப் பார்த்தார். கத்தப்போகிறார் என்று நான் ஒதுங்கி நின்றேன். அதற்குள் சார் எழுந்து, கட்டுப்போட்ட கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, "ஒரு விஷயம் தெளிவாயிடுச்சு பாய். மேல் எல்லை எதுன்னு கண்டுபிடிச்சிட்டோம்" என்றார்.

பாய் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "நம்ப எங்கய்யா கண்டுபுட்ச்சோம்? இறாலு கண்டுபுட்ச்சிது."

கத்தவே இல்லை. நாலு நாள் கழித்துக் கூப்பிட்டு, "சார், நீங்க பெரிய எடத்துல இருக்க வேண்டியவரு. இந்தக் குட்டை உங்களுக்குப் பத்தாது" என்று மரியாதையாகச் சொல்லி அனுப்பிவைத்தார். வேலையை விட்டு நீக்குகிறார்கள் என்பது எங்கள் எல்லாருக்கும் புரிந்தது. அவர் ஒருவர் மட்டும் அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டார். கடிகாரத்தைத் திருப்பிக் கொடுக்கக் கழற்றினார். பாய் வேண்டாமென்று கையை எடுத்துக் கும்பிட்டார்.

பாய்லரைப் பழைய இரும்புக்காரன் வந்து வெட்டி எடுத்துக்கொண்டு போனான். குட்டைகளில் கடல் கொண்டுவந்து விட்ட இறால், வெயிலும் மழையும் விட்ட வேகத்தில் வளர்ந்தது. பெரிய லாபமென்று சொல்ல முடியாது. பெண்கள் நிழலில் உட்கார்ந்து வேலை செய்தார்கள். அஞ்சலையின் இருமல் மட்டும் ஐப்பசிவரை நிற்கவில்லை.

அதே வருஷக் கடைசியில், ஊருக்குப் போகும் அக்காவை ரயிலேற்றிவிட சென்ட்ரலுக்குப் போயிருந்தேன். மேட்டுப்பாளையம் போகிற வண்டியின் ஜன்னலில் தெரிந்த முகம். அவர்தான். கழுத்துவரை பொத்தான் போட்ட கம்பளிக் கோட்டு. மெட்ராஸ் புழுக்கத்தில் வியர்வை தாடையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"மிஸ்!" என்று கையைத் தூக்கினார். உள்ளங்கைத் தழும்பு பளபளத்தது. "நீலகிரியிலே ஒரு மீன் பண்ணை. வேலை கிடைச்சிருக்கு."

"ரொம்ப சந்தோஷம் சார்."

"வெள்ளைக்காரன் சீமையிலேருந்து கொண்டுவந்து விட்ட மீன். தண்ணி ஐஸ் மாதிரி இருக்குமாம். அதனாலே வளரவே மாட்டேங்குதாம். ஒரு குஞ்சு பெரிசாக வருஷக்கணக்கிலே காத்துக்கிட்டிருக்காங்க மிஸ், வருஷக்கணக்கிலே! அங்கே ஒருத்தருக்கும் அவசரமே இல்லை."

கார்டு விசில் கொடுத்தான். வண்டி மெல்ல நகர்ந்தது. அது வேகம் எடுக்கும்வரை பொறுக்காமல், ஜன்னல் கம்பிக்கு வெளியே தலையை நீட்டிக் கத்தினார்:

"அங்கே விறகு நிறையக் கிடைக்குமாம் மிஸ்!"